வேலிக்கு வெளியே ஜாஸ்

ஜூன் 11, வியாழன்

வெயில். காலை எட்டு மணிக்கே திடலில் நிற்க முடியவில்லை. ஜாஸ் விழாவுக்கு மேடை இன்னும் அரைகுறை. வேலி மட்டும் போட்டு முடித்துவிட்டார்கள். நடத்துவது கோலாலம்பூர் கம்பெனி. எனக்குக் கொடுத்த வேலை ‘உள்ளூர்த் தொடர்பு’. அதாவது கடைக்காரர்களிடம் பேசுவது, கழிப்பறைச் சாவி, யார் திட்டினாலும் வாங்கிக்கொள்வது. எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு இதெல்லாம் தேவையா?

திடலுக்கு எதிரே ரொட்டி சானாய் போடும் கடைப் பாய்க்கு நம்பிக்கை இல்லை. “பினாங்குக்காரன் வருவான், கேப்பான், காடியத் திருப்பிக்கிட்டுப் போயிடுவான் லா. நமக்கு என்ன?”

மேலாளர் தினேஷ். முப்பது வயதிருக்கும், தமிழர்தான். டிக்கெட் பாதிகூட விற்கவில்லையாம். “இங்க உள்ளவங்களுக்கு ஜாஸ் பிடிக்காது ஆண்ட்டி” என்றார்.

கால் வீக்கம். வெந்நீர்.

ஜூன் 12, வெள்ளி

மதியம் தூறல், உடனே நின்றது. ஐந்து மணிக்கு ஆரம்பம். உள்ளே முக்கால்வாசி நாற்காலி காலி. வேலிக்கு வெளியே, சாலையோரப் புல்லில்தான் கூட்டம். குருணிலிருந்து மோட்டார் சைக்கிளில் சிலர். சிடாம் கிரி பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். கோரைப்பாய், பிளாஸ்டிக் ஸ்டூல், பிள்ளைகளுக்குச் சோறு. இலவசம் என்று யாரோ வாட்சாப்பில் போட்டுவிட்டார்களாம். வந்த பிறகுதான் டிக்கெட் என்று தெரிந்திருக்கிறது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து ஒரு அம்மா கூப்பிட்டார். லெட்சுமி அக்கா, பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர்.

“ஏம்மா, பாடறவங்க இன்னும் வரலியா?”

“பாட்டு இல்லக்கா. வாத்தியம் மட்டும்தான்.”

“அடியாத்தே! ஒரு மணி நேரமா, பாட்டுக்கு முன்னாடி வாசிக்கிறாங்கன்னுல்ல நெனச்சேன்!”

எல்லாரும் சிரித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. சாக்ஸபோன்காரர் தனியாக, மெதுவாக ஒன்று வாசித்தார். அழுத பிள்ளையை லெட்சுமி அக்காவின் மருமகள் மடியில் போட்டுத் தட்டினாள். “சும்மா இருடா. அம்மா கேக்குறேன்ல.”

உள்ளே எனக்கு நாற்காலி இருந்தது, மின்விசிறியும் இருந்தது. ஏனோ போகத் தோன்றவில்லை.

ஜூன் 13, சனி

அதே வேன். நேற்றைவிடக் கூட்டம். ஆறு மணிக்குத் தினேஷ் வேகமாக வந்தார். விளம்பரம் கொடுத்தவர்கள் வருகிறார்களாம், படம் எடுப்பார்களாம். வேலியை ஒட்டி இப்படிப் பாய் விரித்திருந்தால் நன்றாக இல்லையாம்.

“உள்ள இவ்வளவு இடம் காலியா இருக்கே. விட்டுடலாமே?”

“டிக்கெட் வாங்குனவங்க சும்மா இருப்பாங்களா? நீங்களே போய்ச் சொல்லிடுங்க ஆண்ட்டி. உங்க ஆளுங்கதானே.”

உங்க ஆளுங்க.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். களைப்பு, அதனால் சொல்லவில்லை என்று இங்கே எழுதலாம். பொய். அடுத்த முறையும் வேலைக்குக் கூப்பிடுவார்களே என்ற நினைப்புதான்.

போனேன். சண்டைக்கு வருவார்கள் என்று பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். லெட்சுமி அக்கா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பாயைச் சுருட்டினார்.

“தப்பா எடுத்துக்காதம்மா. இங்க உக்காரக் கூடாதுன்னு எங்களுக்குத் தெரியாது.”

என்னிடம் மன்னிப்பு! பத்து நிமிடத்தில் புல் காலி. வேன் கிளம்பியபோது மேடையில் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மருமகள் சன்னலில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே போனாள்.

கடைப் பாய், தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டு: “ரெண்டு நாளா என் கடையில குடிச்சது அவங்கதான் ராணி. அவங்களப் போய் வெரட்டிட்டீங்களே.”



ஜூன் 14, ஞாயிறு

இங்கே வெள்ளி, சனிதான் விடுமுறை; ஞாயிறு வேலை நாள். அறிக்கைப் படிவம் வந்தது. ‘உள்ளூர் மக்களின் ஒத்துழைப்பு’: சிறப்பு, நன்று, சுமார். சிறப்பு என்று போட்டேன். அதில் பொய்யில்லை. ‘பார்வையாளர்கள்’: டிக்கெட் வாங்கியவர்களை மட்டும் எழுதினேன். ‘மக்களுக்கு ஆர்வம் உண்டா?’ ஓரளவு. அனுப்பிவிட்டேன். தலைவலி. சமைக்கவில்லை, பிஸ்கட்.

ஜூன் 17, புதன்

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. வீங்கிய காலைக் காட்ட அரசாங்கக் கிளினிக். நம்பர் வர இரண்டு மணி நேரம்.

மருந்து வாங்கும் இடத்தில் லெட்சுமி அக்கா. பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன். அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கோபம் துளிகூட இல்லை.

“அடுத்த வருசமும் வருமாம்மா அது?”

“வரும்னுதான் பேசிக்கிறாங்கக்கா.”

“அப்ப எங்க உக்காரணும்னு முன்னாடியே சொல்லிடு. அங்கயே உக்காந்துக்கிறோம். மருமக கேட்டுக்கிட்டே இருக்கா.”

“உள்ளக்கா. உள்ளதான்.”

வாயில் வந்துவிட்டது. அவர் நம்பிவிட்டார். மருமகளிடம் சொல்கிறேன் என்று என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் தினேஷுக்குப் போன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார். அறிக்கையை மாற்ற வேண்டும், திருப்பி அனுப்புங்கள் என்றேன்.

“ஏன் ஆண்ட்டி? எல்லாம் நல்லாத்தானே எழுதியிருக்கீங்க?”

“இல்ல. நெறைய ஆளுங்கள விட்டுட்டேன்.”