ஒரு மூடி கூடுதல் எண்ணெய்

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? பாகான் டத்தோவில் மழை விட்டதா? நான் நலம். ஆனால் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நீங்கள் கொடுத்த ஸ்கூட்டர் ஈப்போவில் மேடு ஏற மறுத்துவிட்டது. எவ்வளவு முறுக்கினாலும் நடந்து போகிறவர்கள் என்னை முந்தினார்கள். பட்டறைக்காரர் பிளக்கை மாற்றினார், கார்ப்ரேட்டரைக் கழுவினார், கடைசியில், "பிஸ்டன் போச்சுலா தங்கச்சி. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு" என்று சிரித்தார். வந்த ஆத்திரத்தில் வண்டியை வீடுவரை தள்ளிவந்து, நானே எக்ஸோஸ் புகைக்குழாயைக் கழற்றினேன். உள்ளே விரல் நுழையாத அளவுக்குக் கரி!

யாரால்? "ஒரு மூடி கூட ஊத்து, எஞ்சின் நல்லா இருக்கும்" என்று இருபது வருடம் பெட்ரோலில் எண்ணெயை அதிகமாகக் கலந்த உங்களால்தான்! கூடின எண்ணெய் எரியாமல் புகைந்து கரியாகப் படிந்திருக்கிறது. உங்கள் ஊர்ச் சமதரையில் அது தெரியவில்லை. நானும் அப்படியே ஊற்றினேன், என் புத்தியைச் சொல்லணும்.

கரியைச் சுரண்டி எடுத்துவிட்டேன். இப்போது வண்டி மேட்டில் பறக்கிறது. எண்ணெயை அளந்துதான் ஊற்றுகிறேன். புகை இல்லை. அந்தப் புகையோடு வந்த நம் வீட்டு வாசனையும் இல்லை.

லாரி ஓட்டும் ரூபன் அண்ணன் இந்தப் பக்கம் வந்தால், நீங்கள் கை துடைக்கும் பழைய துணி ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். வண்டி துடைக்கத்தான். துவைக்க வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

டோரிஸ்