மணலுக்கடியில் நடக்கும் ஓடை

நண்பா,

இன்று காலை ஒரேத்தோ ஆற்றுப் பாலத்தைக் கடக்கையில் காய்ந்த தைலமர இலையொன்று என் காலடியில் நொறுங்கியது. அந்த நெடி எழுந்ததும் பலெர்மோ நகரின் வெயில் மறந்து போயிற்று. தைலமரங்கள் நிற்கும், நான் ஒருநாளும் மிதித்திராத உன் ஓடைக்கரையில் நின்றேன்.

இங்கே லிபெர்த்தா வீதியில் ஒரே மாடிக்கட்டடத்தில் இரு முதியவர்களை நாம் பராமரித்த காலத்தில், நம்மவர் விழாக்களில் நான் ஆற்றும் மேடைப் பேச்சை உன்னைப்போல் கேலி செய்தவர் எவருமிலர். "மச்சான், கடல் கடல் எண்டு முழங்கிறாய். ஒரு வாய்க்காலையாவது முழுசா நடந்து பாத்தனியோ?" என்பாய். மகளோடு வாழ ஆத்திரேலியா சென்றபின் அப்படியொரு வாய்க்காலை நீயே கண்டெடுத்தாய். ஞாயிறுதோறும் தொலைபேசியை ஏந்திக் கரையில் நடந்து, வளைவு வளைவாக எனக்குக் காட்டினாய். புல்மேட்டின் கீழே கசியும் ஊற்று. பந்துத் திடலைச் சுற்றும் வளைவு. நெடுஞ்சாலைக்கு அடியில் கற்காரைக் குழாய். நாணல் மண்டிய தாழ்நிலம். அப்பால் பேராறு, அதன் முடிவில் விரிகுடா.

கோடையில் அது அறுந்து, குட்டை குட்டையாய்க் கிடந்தது. செத்துவிட்டது என்றேன். நீ மணலைக் கையால் தோண்டினாய். குழியில் நீர் ஊறியது. "சாகேல்லை மச்சான், கீழால நடக்குது" என்றாய்.

இந்தத் தையில், அங்கே கடுங்கோடையில், நீ மறைந்தாய். உன் சாம்பலை அந்த ஓடையில் கரைக்க வேண்டுமென மகளிடம் சொல்லிவைத்திருந்தாய். நகரமன்றம் இசைந்தது, யாழ்ப்பாணத்தில் உன் அண்ணர் இசையவில்லை. கடலைச் சேராவிட்டால் கடன் தீராது, இங்கே கீரிமலைக் கடலுக்கு அனுப்பு என்றார். மகள் என்னையும் அழைப்பில் இணைத்தாள்.

"தண்ணி ஓடாத வாய்க்காலுக்கை என்ர தம்பியைப் போடுறதோ?" என்று அண்ணர் கேட்டார்.

அரங்குகள் அதிர முழங்கியவன் நான். அன்று அடுக்குமொழி எதையும் நாடவில்லை. ஊற்றில் தொடங்கி விரிகுடா வரை, நீ காட்டிய ஒழுங்கிலேயே உன் ஓடையைச் சொன்னேன். மணலுக்கடியில் ஊறிய நீரையும் சொன்னேன். அண்ணர் மகளிடம், "கடலுக்குத்தான் போகுதெண்டால் சரி, பிள்ளை. ஆனா மழை வரட்டும். ஓடேக்கை விடு" என்றார்.

காத்திருந்தோம். இங்கே வெயில் ஏற ஏற, அங்கே மழை இறங்கியது. இன்று அந்தப் பாலத்தில் நான் நிற்கும்போதே உன் மகள் அழைத்தாள். ஊற்றுக்குச் சற்றுக் கீழே உன்னை நீரில் விட்டதாகச் சொன்னாள். அவள் குரலுக்குப் பின்னால் ஓடை இரைந்தது. பிறகு மெல்லக் கேட்டாள்: "மாமா, அப்பா இப்ப எவ்விடத்திலை போவார்?"

"திடல் வளைவைத் தாண்டியிருப்பார், பிள்ளை. இனிக் குழாய்; கொஞ்சம் இருட்டு. அங்காலை நாணல்" என்றேன்.

கடல் வரைக்கும் எனக்கு வழி தெரியும், நண்பா. நீ நடந்து காட்டிய வழி.