கிச்சா மாமா நாயை மறந்த காலை

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிக்காமல் விழுங்குகிறீர்களா?

போனில் சொன்னால் பாதியிலேயே அழுவீர்கள், என் வீர வரலாறு கெட்டுவிடும். அதனால் எழுதுகிறேன். போன மாதம் மேற்கு மாம்பலத்தில், பக்கத்து வீட்டுக் கிச்சா மாமாவின் நாய் அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து என் சைக்கிளில் பாய்ந்தது. யானை அளவு நாய். நான் ஆகாயம் வரை போய், மேகங்களை நலம் விசாரித்துவிட்டு இறங்கினேன். தையல்காரனான என் தாடையிலேயே நாலு தையல். வீடியோ காலில் முகம் காட்டாதது அதனால்தான். இப்போது ஆறிவிட்டது.

அதன்பின் சைக்கிளில் ஏறவே பயம். தி. நகர் கடை வரைக்கும் மாப்பிள்ளை ஊர்வலம் போலத் தள்ளிக்கொண்டே போனேன். இன்று காலை மாமா வழிமறித்தார்.

"ஏறுங்கோ பாய், நான் பிடிச்சுண்டு வரேன்" என்று கேரியரைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தைந்து வயதுக் குழந்தை மெல்ல மிதித்தது. பாதித் தெருவில்தான் எனக்கு உறைத்தது.

"மாமா, அப்போ நாயை யாரு புடிச்சிருக்கா?"

"அடடா, கேட்டைச் சாத்தலையே பாய்."

அப்புறம் நான் மிதித்த வேகத்தில் மின்சார ரயில் வெட்கப்பட்டு நின்றது. நிமிர்ந்து பார்த்தால் கடை வாசல். பின்னால் நாயும் இல்லை, மாமாவும் இல்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். அப்படியே, மெதுவாகப் போகச் சொல்லி ஊரில் வாசலில் நின்று சொல்வீர்களே, அதே மாதிரி "பைய போ வாப்பா" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புங்கள். தினமும் கிளம்பும்போது போட்டுக் கேட்டுக்கொள்வேன். இங்கே அதைச் சொல்ல ஆளில்லை.

கடைக்கு வாடிக்கையாளர் வந்துவிட்டார், துஆ செய்யுங்கள்.

உங்கள் மகன்,
பீர் முஹம்மது