மீசைக்கு எதிர் மேசை

மார்ச் 4, திங்கள்

மீசையை என் எதிரில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மேசையும் மேசையும் முட்டிக்கொண்டிருக்கின்றன. அவர் காலை நீட்டினால் என் நாற்காலியில் இடிக்கும். நீட்டவில்லை. நானும் நீட்டவில்லை. இரண்டு பேரும் பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

புது மருத்துவமனை கட்டி முடியும்வரை இப்படித்தானாம். அரசுக் கட்டடத் துறையின் சார்பில் நான், கட்டும் கம்பெனியின் சார்பில் மீசை, படம் வரையும் ஆர்க்கிடெக்ட் பெண் ஒருத்தி. மூவருக்கும் கட்டுமான இடத்தில் ஒரே தகரக் கொட்டகை. இதற்குக் கூட்டு ஒப்பந்தம் என்று பெயர்.

பழைய முறை எனக்கு அத்துப்படி. ஒருவர் வரைவார். டெண்டர் விடுவோம். குறைந்த விலை சொன்னவர் கட்டுவார். ஏதாவது தப்பாகப் போனால் அது யார் தலையில் விழவேண்டும் என்று நான் கடிதம் எழுதுவேன். புது முறையில் மூன்று தரப்பும் ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. லாபமும் பொது, நட்டமும் பொது. ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போடக் கூடாது. தெரிந்தே செய்த தவறுக்கு மட்டும் விலக்கு உண்டு.

கடிதம் எழுதக் கூடாது என்று எங்கும் இல்லை. ஆனால் யாருக்கு எழுதுவது? எதிரிலேயே இருக்கிறார்.

மார்ச் 5, செவ்வாய்

போன மருத்துவமனையையும் நானும் மீசையும்தான் கட்டினோம். கட்டினோம் என்பது ஒரு பேச்சுக்கு. அது கதவில்லாமல் கோர்ட்டில் நிற்கிறது. நான்கு மாடியிலும் புறாக்கள்.

வரைபடத்தை நான் தாமதமாகக் கொடுத்ததால்தான் வேலை நின்றது என்று அவர் ஒரு கடிதம் போட்டார். எனக்கு விசாரணை வந்தது. பதவி உயர்வு என்னைத் தாண்டி அடுத்தவருக்குப் போனது. அவருடைய கம்பிக் கட்டு லட்சணத்தைப் பற்றி நான் பதில் போட்டேன். அவருக்கு வேலையே போகப் பார்த்தது. இப்போது எடுத்துப் படித்தாலும் அது நல்ல கடிதம்.

நாத்தனார் பழைய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். கட்டிலுக்கு இரண்டு பேர், ஒருத்தி தலைமாட்டில், ஒருத்தி கால்மாட்டில். பிள்ளை பெற்றவர்கள் கால் மடக்கித் தூங்குகிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், "அண்ணி, இந்தத் தடவ கட்டடமா, இல்ல மறுபடியும் கடிதாசியா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் சிரித்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், எல்லாம் தெளிவாகத் தெரிகிறது போலிருக்கிறது.

மார்ச் 20, புதன்

மீசை இன்று ஃபேனைக் குறைக்கலாமா என்று கேட்டார். குறைக்கலாம் என்றேன். முதல் பேச்சுவார்த்தை.

மே 14, செவ்வாய்

வார்டு அறையைத் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு வரைந்தோம். அசல் அளவு. பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கட்டிலைக் கொண்டுவந்து உருட்டிப் பார்த்தோம். நோயாளியாக நான் படுத்தேன். ஆர்க்கிடெக்ட் தள்ளினாள். குளியலறை வாசலில் கட்டில் திரும்பவில்லை. என் கால் சுண்ணாம்புச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் கோட்டை அழித்து வாசலை நகர்த்தினாள். அங்கே வாசல் வைத்தால் தண்ணீர்க் குழாய் இறங்க இடமிருக்காது என்று மீசை சொன்னார். மறுபடி அழித்தாள். மூன்றாவது தடவை எல்லாம் பொருந்தியது.

பழைய முறையாக இருந்தால் இந்தக் குழாய் விஷயத்தை அவர் டெண்டரை எடுத்த பிறகு கண்டுபிடித்து, கூடுதல் வேலை என்று எழுதியிருப்பார். முடியாது என்று நான் எழுதியிருப்பேன். ஆறு மாதம் சுகமாக ஓடியிருக்கும். இன்று சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. மத்தியானம் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

ஜூன் 12, புதன்

எழுத ஒன்றுமில்லை. வேலை நடந்தது.

செப்டம்பர் 9, திங்கள்

காலையில் நான் பையை வைப்பதற்குள் மீசை எழுந்து நின்றார். முகம் சரியில்லை.

"மேடம், ஆபரேஷன் தியேட்டர் மாடியில பீம்ல துளை விடாம கான்கிரீட் போட்டுட்டோம். ஏசிக் குழாய் போறதுக்கு வழியில்ல. பசங்க பழைய படத்த வச்சு வேல பாத்திருக்காங்க. நான்தான் சரிபாத்திருக்கணும். பாக்கல."

வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன்.

"உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். வேற யாராவது சொல்லி நீங்க கேட்டா, நான் மறைச்சேன்னு நெனப்பீங்க."

நினைத்திருப்பேன்தான்.

தியேட்டருக்குள் சுத்தமான காற்று வராவிட்டால் அங்கே ஒரு விரலைக்கூட அறுக்க முடியாது. பீமை உடைத்தால் தளமே தாங்காது. மேலே போய்ப் பார்த்தேன். வழவழவென்று அழகாக வந்திருந்தது. துளைதான் இல்லை.

இந்த ஆள் வாயால இப்படி ஒரு வார்த்த கேக்கணும்னு எத்தன வருஷம் — கோர்ட் வாசல்ல, விசாரணையில, அந்தப் பதவி உயர்வு லிஸ்ட்டப் பாத்துட்டு வந்த அன்னிக்கு பஸ்ல — எத்தன தடவ மனசுக்குள்ள நடத்திப் பாத்திருப்பேன்! கடைசியில இப்படியா? சும்மா எழுந்து நின்னு சொல்லிட்டாரே. நான் பண்ண வேண்டிய வேலயயும் அவரே பண்ணிட்டா, நான் எதுக்கு?

டீ வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது.

செப்டம்பர் 11, புதன்

வழி கிடைத்தது. குழாயைப் பீமுக்குள் விடாமல் நடைவழிக் கூரையை ஒட்டிச் சுற்றிக் கொண்டுபோகலாம். அதற்கு மருந்துக் கிடங்கும், ஆபரேஷன் முடிந்தவர்கள் கண் விழிக்கும் அறையும் இடம் மாறவேண்டும். ஆர்க்கிடெக்ட் பதினாறு தாள்களைத் திரும்ப வரையவேண்டும். வரைகிறேன் என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள் என்று எழுதினால் பொய். கூடுதல் செலவு மூன்று தரப்பின் லாபத்திலிருந்தும் போகும். மீசை தலையைத் தூக்கவில்லை. அவளே தாளை அவர் பக்கம் திருப்பி, அளவைப் படிக்கச் சொன்னாள். படித்தார்.

செப்டம்பர் 12, வியாழன்

தலைமைப் பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. உட்காரச் சொன்னார். அதுவே நல்ல அறிகுறியில்லை.

தணிக்கைக்காரர்கள் வந்து தப்பு யாருடையது என்று கேட்டால் மூன்று பேருடையது என்று பதில் சொல்ல முடியாதாம். ஒரு பெயர் வேண்டுமாம். ஒப்பந்தத்தில் விலக்கு இருக்கிறதே என்றார். தெரிந்தே செய்தார் என்று நான் ஒரு வரி எழுதினால் போதும். கம்பெனியை வெளியேற்றிவிட்டு, மிச்ச வேலைக்குப் பழையபடி டெண்டர் விடலாம்.

"அவரால நீங்க பட்டது கொஞ்சநஞ்சமா? உங்க கையெழுத்துன்னா எல்லாரும் நம்புவாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தது. பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. கொஞ்சம் வளைத்து எழுதினால் போதும், எனக்குக் கைவந்த கலை. கம்பெனி கோர்ட்டுக்குப் போகும். அப்புறம் புறாக்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மீசை மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று கேட்டார். போகவில்லை என்றேன்.

"அப்ப எழுத வேண்டியதுதானே?"

"தெரிஞ்சு செய்யலங்க."



செப்டம்பர் 13, வெள்ளி

எழுதிக் கொடுத்தேன். தவறு நடந்தது, தெரிந்து செய்ததல்ல, அதைச் சரிசெய்யும் வேலை தொடங்கிவிட்டது. மூன்று வரி. நான் எழுதியதிலேயே சின்னக் கடிதம்.

தலைமை இரண்டு தடவை படித்தார். "இதுல பேரே இல்லையே?"

"கீழ மூணு பேர் கையெழுத்து இருக்கு சார்."

போகலாம் என்றார்.

அக்டோபர் 7, திங்கள்

மாற்றல் உத்தரவு. பராமரிப்புப் பிரிவு. அரசுக் கட்டடம் எதிலாவது குழாய் ஒழுகினால் கூப்பிடுவார்கள். அதிலிருந்து யாரும் மேலே போனதாகத் தகவல் இல்லை.

மீசைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் சாமான்களைப் பையில் போடும்போது சும்மாவே நின்றுகொண்டிருந்தார். அந்த விசாரணை சமயத்தில் தான் எழுதியது பாதிதான் உண்மை என்றார். என் கடிதத்திலும் அந்த அளவுதான் இருந்திருக்கும் என்றேன். பையை ஆட்டோ வரைக்கும் அவரே தூக்கிவந்தார். கனமாக இல்லை. ஆனாலும் கொடுத்தேன்.

ஜூன் 16, செவ்வாய்

இந்த நோட்டைத் தொட்டு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது. பராமரிப்புப் பிரிவில் வேலை அதிகம், கதை குறைவு.

புது மருத்துவமனை போன மாதம் திறந்தது. திறப்பு விழாவுக்கு எங்கள் பிரிவை அழைக்கவில்லை. திறந்த பிறகு அழைத்தார்கள். முதல் வருடத்தில் வரும் குறைகளைக் கட்டியவர்களும் பராமரிப்பும் சேர்ந்து பார்க்கவேண்டும் என்பது ஒப்பந்தம். அதனால் இன்று நானும் மீசையும் போனோம்.

தியேட்டரில் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. வெளியே சிவப்பு விளக்கு. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வழியை மறிக்காதீர்கள் என்று ஒரு ஆயா விரட்டினார்.

பிரசவ வார்டில் நாத்தனாருக்கு இன்று விடுப்பு. கட்டிலுக்கு ஒருத்திதான். காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். புகார் கொடுத்த நர்ஸ் எங்களை ஒரு ஜன்னலுக்கு இழுத்துப் போனாள். தாழ்ப்பாள் மேலே எட்டாத உயரத்தில் இருந்தது. தினமும் ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருக்கிறதாம்.

"இத யாரு இப்படிக் கட்டுனது?"

மீசை என்னைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்கதான்," என்றேன்.

"அப்ப எறக்கி வச்சுக் குடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் ஒரு குழந்தையைத் தூக்கப் போய்விட்டாள். மீசை ஸ்டூலில் ஏறினார். ஸ்குரூ டிரைவர் இல்லை. நான் கீழே போய்க் கேட்டு வாங்கிவந்தேன்.