எந்தத் தோள்?

பிடிவாதக்காரனே,

போனில் பேசினால் உன் அறையில் யாராவது இருப்பார்கள். அதனால்தான் அரையிறுதி பார்க்க ப்ராகுக்கு வரும் உன் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

கனடாவில் நீ ஆடும் ஐஸ் ஹாக்கி லீக் ஆட்டங்களுக்கு நான் இவ்வளவு பயந்ததில்லை. அங்கே இன்று தோற்றால் இரண்டு நாளில் இன்னொரு ஆட்டம் வரும். பனித்தளத்தில் உன்னை எவனாவது இடித்தால், உன் அணித் தோழன் ஹம்புஸ் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு அவன்மேல் பாய்வான். இந்த உலகப் போட்டியில் அரையிறுதியில் தோற்றால் தங்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். நாளை நம் பின்லாந்துக்கு எதிராக ஸ்வீடனின் மஞ்சள் சட்டையில் நிற்கப்போவதும் அதே ஹம்புஸ்தான்.

இன்று மதியம் அவன் மனைவி சீவ் கனடாவிலிருந்து கூப்பிட்டாள். குழந்தைகள், ஏலக்காய் ரொட்டி என்று வழக்கம்போலப் பேச்சு போனது. பிறகு, "ஏண்டி, உன் வீட்டுக்காரருக்கு அந்த இடது தோள் இன்னும் வலிக்குதா?" என்றாள்.

லீக் நடக்கும்போது வாரம் தவறாமல் அவள் கேட்கிற கேள்விதான். ஐஸ் பையைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான். ஆனால் இன்று நான் சொல்வது ஹம்புஸ் காதுக்கும் போகுமே.

"இடது எப்பவோ சரியாயிடுச்சுடி. இப்ப வலதுதான் பாடாப்படுத்துது."

"அடப்பாவமே! பாத்து ஆடச் சொல்லு."

அவள் குரலில் கள்ளமே இல்லை. அதுதான் என்னை அறுக்கிறது.

எவ்வளவு வலித்தாலும் நாளை இடது தோளைத் தொடாதே. விழுந்தால் வலதைப் பிடித்துக்கொள். சீவிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், ஆட்டம் முடிந்த பிறகு.

உன் இடது தோளில் தலைவைக்கப் பயந்து
வலப்பக்கமே படுத்துப் பழகியவள்