ரீட்டாவுக்காகச் சொன்ன மன்றாட்டு

அக். 7, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. அவர் சட்டையில் சூளை மண் அப்படியே. ஜெபமாலை மாதம், வரிசைப் பெண்கள் கூடி ஜெபிக்க இன்று நம் வீட்டு முறை. வாங்கியது: ரவை, முந்திரி கொஞ்சம், மெழுகுவத்தி 2. எல்லாம் காலனிக் கடையில். விருத்தாசலம் கடைத்தெரு கூப்பிடு தூரம்தான். ஆனால் பெண்கள் காலனி கேட்டைத் தாண்ட பாஸ் வேண்டும். எங்கள் வரிசைக்கு வாரம் ஒன்றுதான். கம்பெனி வீடு, வாடகை இல்லை, வாய் திறக்க முடியாது.

இந்த வாரம் பாஸ் எதிர்வீட்டு ரீட்டாவுக்கு. பெண்ணாடத்தில் அம்மாவைப் பார்க்க என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். என்னிடம் மட்டும்: "ஒரு ஆஸ்பத்திரியில வேல கேட்டிருக்கேன்க்கா. கெடச்சா வெளிய வூடு பாத்துப் போயிடுவோம். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க." வெளிவேலை இங்கே கூடாது. சொல்லமாட்டேன் என்றேன்.

அக். 8, புதன்

மழை விட்டது. எழுதக் கை வரவில்லை.

நேற்று ஜெபமாலை முடிந்து மன்றாட்டு. ஆளுக்கு ஒன்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். என் முறை. கண் மூடி, "நாளைக்கு ரீட்டாவுக்கு அந்த வேல கெடைக்கணும் ஆண்டவரே" என்றேன். எல்லாரும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." பாஸ் எழுதும் லூர்து அக்கா குரல்தான் பலமாக.

கேசரி கொடுக்கும்போது லூர்து அக்கா, "ஏன்டி ரீட்டா, ஒங்கம்மாவே வேல போட்டுத் தராங்களா?" சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்று காலை ரீட்டாவைக் கேட்டிலேயே திருப்பிவிட்டார்கள். இனி ஒரு வருடம் பாஸ் கிடையாதாம்.

வாய் தவறியது என்று அவரிடம் சொன்னேன். பொய். அவள் ரகசியம் எனக்குத் தெரியும் என்று நாலு பேருக்குக் காட்ட ஆசை. ஜெபத்தில் வைத்தால் பாவமில்லை என்று நினைப்பு.

அக். 9, வியாழன்

வெயில். பால் 1 லி., கீரை. ரீட்டா கேசரிக் கிண்ணத்தைக் கழுவித் தந்தாள். "அக்கா, கிண்ணம்." அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அக். 10, வெள்ளி

லூர்து அக்கா பாஸோடு வந்தார். ரீட்டா பெயரை அடித்து என் பெயர். "சும்மாதான கெடக்குது. ஸ்ரீமுஷ்ணத்துல தங்கச்சியப் பாக்கணும்னியே, போயிட்டு வாயேன்."

வேண்டாம் என்று சொல்ல வந்தேன். "சரிங்கக்கா" என்றேன்.

அக். 11, சனி

காலை பஸ். ரீட்டா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். குனிந்தபடியே, "போயிட்டு வாங்கக்கா."

போயிட்டு வரேன் என்றேன்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காற்று நன்றாக இருந்தது.