ஒரே பூசையில இரண்டு கருத்து

2004 ஆடி 11, ஞாயிறு. ஊர்காவற்துறை.

லண்டனில தம்பியின்ர கொம்பனி, கொம்பியூட்டர் வேலையளைக் கொழும்புக்கு மாத்திப்போட்டு அவனை நிப்பாட்டிப்போட்டுது. அவனுக்கு வேற வேலை கிடைக்கவேணுமெண்டு இண்டைக்குப் பூசையில பாதர் வாசிச்சு மன்றாடக் கருத்து எழுதிக் குடுத்தனான்.

பாதர் அதை வாசிச்ச கையோட, பக்கத்து வீட்டு றீற்றாக்காவின்ர நன்றிக் கருத்தையும் வாசிச்சார். மகள் மேரிக்குப் போன மாதம் கொழும்பில வேலை கிடைச்சுதாம். கொம்பனிப் பேரையும் சொன்னார். தம்பியின்ர கொம்பனிதான்.

இரண்டுக்கும் சேர்த்து ஆமென் சொன்னனான்.

வெளியில வரேக்க றீற்றாக்கா என்ர கையைப் பிடிச்சா. "தம்பிக்கும் கிடைக்கும், யோசியாதையும்."

"ஓம் அக்கா" எண்டன்.

போன மாதம் தம்பி ரெலிபோனில சொன்னது இப்ப நினைவு வருது. "கொழும்பில ஒரு பிள்ளைக்கு ரெலிபோனில என்ர வேலையைப் பழக்கிறன் அக்கா. எங்கட தீவுத் தமிழ்தான் கதைக்குது. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல கிடக்கு."